சாப்பிடாத ரொட்டி

என் நோய்க்குத் தமிழில் பெயர் கிடையாது. யாராவது எங்காவது ஒன்றைச் செய்து வைத்திருக்கலாம். ஆனால் ஈப்போவில், எங்கள் புந்தோங்கில், என்னை வழியில் நிறுத்தி, "என்னாண்ணே, ஆளு பாதியா போயிட்டீங்க, என்னா வியாதி?" என்று கேட்பவரிடம் சொல்லும்படி ஒன்று இல்லை. இனிப்பு நீர் என்றால் சட்டென்று புரியும். இரத்தக் கொதிப்பு என்றால் கேட்டவரே தன் மாத்திரையின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். செலியாக் என்றால் அவர் முகத்தில் ஒன்றும் நடக்காது. அதனால் "கோதுமை ஒத்துக்காது" என்று சுருக்கிவிடுவேன். "அவ்வளவுதானா?" என்பார்கள். அவ்வளவுதான் என்று நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன்.

நான் ஏர்கோன் பழுது பார்ப்பவன். காலையில் மச்சான் வேனை ஓட்டிக்கொண்டு வருவான், நான் ஏணியைப் பின்னால் ஏற்றுவேன், ஒரு நாளைக்கு நான்கைந்து வீடு. மச்சான் என்றால் உறவு இல்லை. பதினைந்து வருடமாக ஒரே வேனில் போகிற கூட்டாளி. இந்த வேலைக்குக் கையும் காலும் நடுங்கக் கூடாது. நாற்பத்து மூன்றாவது வயதில் எனக்கு இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. ஏணியில் நின்று மூடியைக் கழற்றும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். வயிறு வேறு. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் பானை மாதிரி உப்பும், பிறகு ஓட விடும். வாடிக்கையாளர் வீட்டில் ஒரு தடவை கழிவறை கேட்கலாம். ஓர் ஏர்கோனைக் கழுவி முடிப்பதற்குள் மூன்று தடவை கேட்டால் அந்த வீட்டு அம்மா நம்மைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் வாய்வு என்றார். ஆயர் தாவாரில் இருக்கும் என் மனைவியின் அக்கா, கண் பட்டிருக்கிறது என்று முடிவு செய்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். பழம் தன் வேலையைச் செய்ததா என்று எனக்குத் தெரியாது. நான் மேலும் இளைத்தேன். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாயை விட்டு, குடலில் சின்னத் துண்டு எடுத்து, பல வாரம் கழித்து எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

டாக்டர் மலாய்க்காரப் பெண், பொறுமைசாலி. படம் வரைந்து காட்டினார். குடலுக்குள்ளே விரல் விரலாக எதுவோ இருக்குமாம், எனக்கு அது தேய்ந்து மொட்டையாகிவிட்டதாம். குளூட்டன் என்றார், மலாயில் கண்டும் என்றார். பக்கத்தில் நின்ற நம்மவரான தாதி குனிந்து தமிழில் சொன்னார்.

"அண்ணே, கோதுமை மாவு சாப்பிடக் கூடாதாம். ஆயுசுக்கும்."

"ஆயுசுக்குமா?"

"ஆமாண்ணே. கொஞ்சங்கூட கூடாதாம். மருந்து கிடையாது, இதான் மருந்து."

நான் தலையாட்டினேன். என் மனைவியும் தலையாட்டினாள். இருவருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தோம். எங்கள் ஊரில் கோதுமை மாவு என்றால் பாக்கெட்டில் வருகிற வெள்ளை மாவு. கேக், வாழைப்பழத்தில் போண்டா மாதிரிப் பொரிக்கும் ஜெம்புட், பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் எல்லாம் அதில்தான். ஆட்டா என்பது வேறு. அது பழுப்பாக இருக்கும், சப்பாத்தி ஆகும், டாக்டர் திட்டிய பிறகு மனிதர்கள் சாப்பிடுவது. அது எப்படிக் கோதுமையாகும்? இதைக் கேட்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆயர் தாவாருக்குப் போனோம். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்ப்பனை நிற்கிற நிலத்தை ஒட்டிய வீடு. மனைவியின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போனில் ஏற்கனவே விவரம் கேட்டிருந்தார். குளூட்டன் என்பது ஆயர் தாவார் போய்ச் சேர்வதற்குள் குளுக்கோஸ் ஆகிவிட்டது. அவருடைய கணவருக்கு நெடுநாளாக இனிப்பு நீர். ஆகவே இந்த விஷயத்தில் அக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"தம்பி, இனிமே சோறு ஒங்களுக்கு ஆவாது. ஆட்டாவுலதான் சுட்டிருக்கேன். சீனி இல்லாத தேத்தண்ணி. ஒன்னும் பயப்படாதீங்க, மாமா நல்லாதான இருக்காரு."

"அக்கா, இது இனிப்பு நீரு இல்ல" என்றாள் என் மனைவி.

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அக்கா.

மேசையில் எல்லோருக்கும் சோறு, எனக்கு மட்டும் சப்பாத்தி. உலகத்திலேயே நான் கவலைப்படாமல் சாப்பிடக்கூடிய ஒரே தானியத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, எதைத் தொடக் கூடாதோ அதை நெய் தடவி வைத்திருந்தார்கள். இது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, வெள்ளை மாவு இல்லை, ஆட்டாதானே என்று நான்கு சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது. திரும்பி வரும்போது போத்தாவிலிருந்து ஈப்போ வரை மூன்று எண்ணெய்க் கடையில், பெட்ரோலுக்கு அல்ல, கழிவறைக்காகக் காரை நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். ஆட்டாவும் கண்டும்தான், கோதுமைதான் என்றார். "ரவை?" என்று கேட்டேன். அதுவும். "சேமியா?" பெரும்பாலும் அதுவும். கறுப்புக் கிச்சாப்பில், அந்தச் சோயாச் சாற்றில்கூட இருக்குமாம். புரட்டாசி மாதம் விரதமென்று நான் ஆசையாகச் சாப்பிட்ட சைவ இறைச்சி இருக்கிறதே, அது முழுக்க முழுக்க இந்த குளூட்டனையே பிசைந்து எடுத்துச் செய்வது. ஒவ்வொரு புரட்டாசியிலும் நான் ஏன் படுத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அக்காவோ, கறி சாப்பிட்டுப் பழகிய உடம்புக்குச் சைவம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருந்தார். வேறு வேறு பெயரில் வந்து என் வீட்டில் தங்கியவர்கள் எல்லாம் ஒரே குடும்பத்து ஆட்கள் என்று தெரிய வந்ததுபோல் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

என் மனைவி தாடிகாவில் ஆசிரியை. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவள். எதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கோடு போட்டு, பெட்டிக்குப் பெயர் ஒட்டி வைத்தால்தான் அவளுக்கு நிம்மதி. அவள் சமையலறையைக் காலி செய்தாள். பிஸ்கட், கிச்சாப், சூப்புக் கட்டி, முன்பு மாவு பட்ட சல்லடை, சப்பாத்திக் கட்டை எல்லாம் வெளியேறின. கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் போனில் படம் எடுத்து, பெரிதாக்கி வாசித்தாள். எனக்காகத் தானும் ரொட்டியை விட்டாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு மாதத்தில் தேறினேன். ஏணி ஏறினால் கண் இருட்டவில்லை. காற்சட்டை இடுப்பில் நின்றது. மச்சான், "மச்சான், மூஞ்சில ரத்தம் தெரியுதுலா" என்றான். மனிதனுக்கு உடம்பு தேறினால் அடுத்து என்ன வரும்? திமிர் வரும்.

ஒரு நாள் வேலை முடிந்து ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்தோம். மச்சான் ரொட்டி சானாய் சொன்னான். எனக்குத் தேத்தண்ணி மட்டும். ரொட்டி போடுகிறவர் மாவை விசிறி, மடித்து, கல்லில் போட்டு, இரண்டு கையாலும் தட்டி நொறுக்கி வைத்தார். அந்த மணத்தை முப்பத்தைந்து வருடமாக மூக்குக்குத் தெரியும். ஒன்றினால் என்ன ஆகிவிடும் என்று ஒன்று சாப்பிட்டேன். ஒன்று சாப்பிட்டது சாப்பிட்டதுதானே என்று இன்னொன்று. மச்சான் பருப்புக் கறியை என் பக்கம் தள்ளினான்.

அன்று சாயங்காலமே வயிறு பிடித்துக்கொண்டது. "வெளிய என்னா சாப்பிட்டீங்க?" என்று மனைவி கேட்டாள். அவள் முகத்தை நேராகப் பார்த்து, "மீஹூன் சூப்பு" என்றேன். மீஹூன் அரிசி நூடுல்ஸ்தான். அவள் நம்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மச்சான், எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ரெண்டே ரெண்டு ரொட்டிதான் தங்கச்சி, ஆசப்பட்டுட்டான்" என்று போட்டு உடைத்தான்.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்.

"நீங்க தின்னதுக்கு நான் கோவிக்கல. மூஞ்சியப் பாத்துக்கிட்டு மீஹூன்னு சொன்னீங்களே, அதான்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருவர்தான். ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பவில்லை என்றால், நடுவில் நின்று அப்படியா இப்படியா என்று சொல்ல ஆள் கிடையாது. எனக்கு அது அன்று உறைத்தது. இனிமேல் தொட மாட்டேன், உன்னிடம் பொய்யும் சொல்ல மாட்டேன் என்றேன். முதலாவதைக் காப்பாற்றினேன்.

நோய் திரும்ப வந்தது அதற்குப் பிறகுதான்.

ரொட்டி விஷயத்துக்குப் பிறகு அவள் என் வயிற்றை ஆற்றுவதில் இறங்கினாள். அதுவரை வாரத்துக்கு ஒரு தடவை வைத்த ரசம் தினசரி ஆனது. அக்காவும் போனில் ஓதினார்: வயிற்றுக்குப் பெருங்காயத்தை மிஞ்சியது இல்லை, தாராளமாகப் போடு. மிளகு, சீரகம், பூண்டு தட்டி, பெருங்காயத்தூள் ஒரு கரண்டி போட்டு, பெரிய தம்ளரில் ஊற்றித் தருவாள். நான் அதைச் சூப்பு மாதிரி குடிப்பேன். மத்தியானம் கொண்டு போகிற மோரிலும் பெருங்காயம். எனக்கு அது பிடித்திருந்தது. கோபம் தணிந்துவிட்டது என்பதற்கு அந்தத் தம்ளர்தான் அடையாளம்.

ஒரு மாதத்துக்குள் வயிறு பழையபடி உப்பியது. கழிவறை ஓட்டம், தலைச்சுற்றல் எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு, மீன், காய், முட்டை, ரசம். இதில் எது?

"வெளிய எதுனா சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"சும்மா சொல்லுங்க."

"சத்தியமா இல்ல."

அவள் ரசத்தைச் சுட வைத்தாள். அன்று அரைக் கரண்டி கூடுதல்.

இப்படியே போயிற்று. நான் நோகும்போதெல்லாம் ரசம், ரசத்துக்குப் பிறகு இன்னும் நோவு. அவள் என் சட்டையை முகர்ந்து பார்ப்பதைப் பார்த்தேன். ஒரு நாள் வேனில் மச்சான் தயங்கித் தயங்கி, "மச்சான், கோவிச்சுக்காத. தங்கச்சி போன் போட்டுச்சிலா. நீ என்னா திங்கிறேன்னு பாத்துச் சொல்லணுமாம்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேனை விட்டு இறங்கி நடந்தேன். எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து ஏறிக்கொண்டேன். ஏணி வேனில்தானே இருந்தது.

பிறகு எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. ஒருவேளை சாப்பிட்டேனோ? கடைத்தெருவில் வறுகடலை, முறுக்கு என்று கச்சாங் பூத்தே விற்கிற அண்ணன் ருசி பார்க்கச் சொல்லி உள்ளங்கையில் எதையோ வைத்தாரே, அதை வாயில் போட்டேனா, பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்தேனா? வாடிக்கையாளர் வீட்டில் கொடுத்த தேத்தண்ணியுடன் ஏதாவது இருந்ததா? ஒரு முறை பொய் சொன்னவனுக்கு, தான் சொல்லும் உண்மையும் கொஞ்சம் பொய் மாதிரியே கேட்கும் போலிருக்கிறது. "சாப்பிடவில்லை" என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். இறங்க வேண்டிய கணக்கு இறங்கவில்லை, ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டுவிட்டு, என் மனைவியைப் பார்த்தார். அவள் தன் நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். காலை, மத்தியானம், மாலை எல்லாம் தேதி வாரியாக மலாயில் இருந்தது. டாக்டர் புரட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். பிடிபட்டவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. அந்த நோட்டில் ரசம் என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்தோம். நான் சாவியைப் போடவில்லை. நல்ல வெயில்.

"நெசத்த சொல்லுங்க" என்றாள். "நான் கோவிக்க மாட்டேன். எங்கயோ எதையோ தின்றீங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதும். தெரியாம இருக்கறதுதான் என்னால முடியல."

அவள் கை நடுங்குவதைப் பார்த்தேன். இவளுக்கும் இரத்தம் குறைந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். நான் எத்தனை தடவை இல்லை என்பேன்? இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் என்னைவிட்டு ஒரு அடி தள்ளிப் போகிறாள். இன்னும் ஓர் இல்லை சொன்னால் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

"ரெண்டு ரொட்டி" என்றேன்.

"எங்க?"

"பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல."

"எப்போ?"

"போன வாரம்."

அவள் மூச்சை விட்டாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "இத முன்னாடியே சொல்லியிருந்தா என்னாலா" என்றாள். நான் சாப்பிடாத ரொட்டிக்காக அவள் என்னை மன்னித்தாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள்.

பொய் சொன்ன பிறகுதான் வீட்டில் அமைதி வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு போலப் பேசினாள், தாடிகாப் பிள்ளைகளின் குறும்பைச் சொன்னாள். ஆனால் நோய் என் ஒப்புதலுக்குக் கட்டுப்படவில்லை. அடுத்த வாரமும் வயிறு உப்பியது. அவள் கோபமில்லாமல், குழந்தையைக் கேட்பதுபோல், "இன்னிக்கி எத்தன?" என்றாள்.

இல்லை என்று இனிமேல் எப்படிச் சொல்வது? "ஒன்னு" என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம், "ரெண்டு." பிறகு ஒரு தடவை, ரொட்டியே சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகி, "மீ கோரெங்" என்று வறுத்த கோதுமை நூடுல்ஸுக்கு மாறினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் சொன்னாள். நான் சாப்பிடாத உணவெல்லாம் தேதி போட்டு அவள் கையெழுத்தில் ஏறிக்கொண்டே போனது. படுத்துக்கொண்டு யோசித்தால் அந்த மீ கோரெங்கின் ருசிகூட நாக்கில் தெரிவது போலிருக்கும். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நிஜமாகவே பயந்தேன்.

பள்ளி விடுமுறை வந்தது. அக்காவுக்கு முழங்கால் வலி, கூட இருக்கிறேன் என்று மனைவி ஒரு வாரத்துக்கு ஆயர் தாவார் போனாள். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், முட்டை பொரிக்கத் தெரியும், கருவாடு வறுக்கத் தெரியும். அதையே மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் வயிறு அமைதியானது. ஐந்தாம் நாள் ஏணியில் நின்று ஒரு பாட்டு முணுமுணுத்தேன். மச்சான் கீழிருந்து விசித்திரமாகப் பார்த்தான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, குழப்பம்தான் கூடியது. கண்காணிக்க ஆளில்லாதபோது நன்றாக இருக்கிறேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவள் வீட்டில் இருந்தால் நோகிறது. அப்படியென்றால் எனக்கு ஒத்துக்கொள்ளாதது கோதுமையா, என் மனைவியா? இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

ஆறாம் நாள் சனிக்கிழமை காலை. வறண்ட சாப்பாடு சலித்துப்போய், ரசம் எப்படி வைப்பது என்று அவளைப் போனில் கேட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். புளி கரை, மிளகு சீரகம் தட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இப்ப பெருங்காயம். டப்பா அங்க இல்ல, மருந்துத் தட்டுல பாருங்க, ஓமத்தண்ணி பக்கத்துல."

எங்கள் வீட்டில் ஓமத்தண்ணி, தைலம், வேப்பெண்ணெய் எல்லாம் ஒரு தட்டில் இருக்கும். மஞ்சள் டப்பா அங்கே இருந்தது. எடுத்தேன். எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அதற்குள் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஏதோ இருந்தது. ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கருகே வைத்து வாசித்தேன்.

தெப்போங் கண்டும். கோதுமை மாவு. சேர்மானப் பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது.

வீட்டில் வாசிக்கப்படாத ஒரே டப்பா அது. சமையலறையில் இருந்திருந்தால் முதல் நாளே வாசித்திருப்பாள். மருந்துத் தட்டில் இருப்பதை யார் வாசிப்பார்கள்? பெருங்காயம் என்றால் வயிற்றுக்கு நல்லது. எனக்கும் அப்படித்தான், அவளுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான். அதைத் தூளாக்கும்போது மாவு கலப்பார்கள் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

"என்னங்க, போட்டாச்சா?"

டப்பாவைத் திறக்காமலே, "போட்டாச்சு" என்றேன்.

"ஒரு கரண்டி?"

"ஒரு கரண்டி."

"கொதிக்க விடாதீங்க, நொரச்சதும் எறக்கிடுங்க."

இறக்கினேன். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது நிம்மதிதான், மறைக்க மாட்டேன். நான் பைத்தியம் இல்லை, சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லைதான். அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. இதை அவளிடம் சொன்னால், தினமும் காலையில் எழுந்து தன் கையால் எனக்கு விஷம் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள் என்று சொன்னதாகும். சொல்லாமல் வேறு பெருங்காயம் வாங்கி இந்த டப்பாவில் மாற்றி வைத்துவிட்டால்? நான் தேறுவேன், ரொட்டியை விட்டுவிட்டேன் என்று அவள் பூரிப்பாள். எல்லாம் சுபம். அந்த யோசனை எனக்குப் பிடித்தும் இருந்தது. அன்று முழுவதும் அந்த டப்பாவை மருந்துத் தட்டுக்கும் மேசைக்குமாக நான் எத்தனை தடவை மாற்றி வைத்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

ஞாயிறு மத்தியானம் அவள் வந்தாள். பையை வைத்துவிட்டு என் கன்னத்தைப் பார்த்தாள். "ஆளு நல்லா இருக்கீங்களே" என்றாள். பிறகு, குறும்பாக, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு வாரமா கேக்க ஆளு இல்ல. எத்தன ரொட்டி?"

ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அந்தப் பேனா என் பொய்யை எழுதத் தயாராக இருப்பதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் போனில் படம் எடுத்தாள், பெரிதாக்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தெனமும் போட்டேனே" என்றாள்.

"ஒனக்குத் தெரியாது. எனக்குந் தெரியாது."

"ஒரு கரண்டி. நீங்க வலிக்குதுன்னா இன்னும் அரைக் கரண்டி." நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அருகில் போய் அவள் தலையில் கை வைத்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. அவள் கணக்குப் போடுகிறாள் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப பஸ் நிலையத்துல ரெண்டு ரொட்டி?"

"சாப்பிடல."

"அடுத்த வாரம் ஒன்னு?"

"இல்ல."

"மீ கோரெங்?"

"ஒன்னுமே சாப்பிடல. அந்த மாமாக் கடை ரெண்டோட சரி."

அவள் என் கையை மெதுவாகத் தன் தலையிலிருந்து எடுத்தாள். கோபமாக இல்லை. குரலும் உயரவில்லை.

"நெசத்த சொன்னீங்க, நம்பல. பொய் சொன்னீங்க, நம்பிட்டேன். ஒங்க மூஞ்சியப் பாத்து எனக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன்." நோட்டை மூடினாள். "இனிமே நான் எதப் பாத்துங்க நம்புறது?"

உன் கை நடுங்கியது, அதனால்தான் சொன்னேன் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அதையும் அவள் நம்ப வேண்டுமே.

இது நடந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. கலப்பில்லாத கட்டிப் பெருங்காயம் கிடைக்கிறது, அவள் அதைத் தட்டிப் போடுகிறாள். இரத்தப் பரிசோதனையில் கணக்கு இறங்கிவிட்டது. டாக்டர் மகிழ்ந்துபோய், ரொட்டியை விடுவது கஷ்டம்தான் என்று என் தோளில் தட்டினார். நாங்கள் இருவரும் அவரைத் திருத்தவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அவள் இப்போது எதுவும் எழுதுவதில்லை. சண்டை இல்லை, சிரித்துப் பேசுகிறோம், ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவார் போனால் அக்கா எனக்குச் சோறு போடுகிறார்.

நேற்று வேலையிலிருந்து வந்ததும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். "மச்சான் வீட்டுல. சோறும் மீனும்" என்றேன். அது உண்மை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.